இது ஆடுதானுங்களா?

அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தது என் மகள். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துச் சமையலாம். கறியை மசாலா தடவி, விறகுப் புகையிலேயே மணிக்கணக்காகப் போட்டு வைத்து வேகவிடுவார்களாம். இந்திராநகரில் ஒரு சந்துக்குள் இருந்தது. அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரமும் அவள் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள்.

"ம்மா, 'கீது', 'வோணாம்' எல்லாம் இன்னிக்கு வேணாம். ப்ளீஸ்."

"சரிடி."

"நேரா கேக்க மாட்டாங்க. சுத்தி வளைச்சுத்தான் கேப்பாங்க. நான் பதில் சொல்லிக்கறேன்."

"சரிடி."

"சாப்பாட்டப் பத்தி மட்டும் வாயே தொறக்காத."

அதற்கு மட்டும் நான் சரி சொல்லவில்லை. சாப்பிட வரச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாதே என்றால் எதைப் பற்றிப் பேசுவது, மழையைப் பற்றியா? நான் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்துவதற்குத்தான் சம்பளம். வாயைக் கட்டிப் பழக்கமில்லை.

ஆனால் அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அவளோடு வேலை செய்யும் பையனின் அப்பாவும் அம்மாவும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து மனசுக்குப் பிடித்தால் கல்யாணப் பேச்சு. இல்லையென்றால் ஊரில் அவனுக்கு ஒரு பெண் தயாராக இருக்கிறாள், ஆடி கழிந்ததும் நிச்சயம். பையனுக்கு எங்களைப் பற்றி எல்லாம் தெரியும். பெற்றவர்களிடம் மட்டும், 'கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பம்' என்பதோடு நிறுத்தியிருந்தான். மிச்சத்தை நிச்சயம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்பது இரண்டு பேரின் ஏற்பாடு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். இது பொய்கூட இல்லையாம், சொல்லாமல் விடுவதாம். படித்த பிள்ளைகள், பெயர் வைக்கத் தெரிந்தவர்கள்.

முதலில் வீட்டுக்குத்தான் அழைப்பதாக இருந்தது. எங்கள் வீட்டு ஹாலில் நுழைந்ததும் புத்தர் படம். அதற்குப் பக்கத்தில் நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்டவர் படம். என் மாமனார் மாட்டியது. அதைப் பார்த்தால் எங்களை எந்த ஆட்கள் என்று யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை. மகள் அந்தச் சுவருக்குக் கீழே நின்றுகொண்டு, "ஒரு நாளைக்கு மட்டும் உள் ரூம்ல வைக்கலாமா?" என்றாள். நான் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தேன். அவளும் கரண்டியைப் பார்த்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, கடை தேடும் படலம் தொடங்கியது.

அவள் கணக்கு இதுதான். பிரியாணிக் கடை என்றால் யார் எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மெஸ் என்றால் குழம்பை வைத்துப் பேச்சு வரும், எங்கள் வீட்டில் எப்படி, உங்கள் வீட்டில் எப்படி என்று. "இது யாருக்குமே சொந்த ஊர்ச் சாப்பாடு இல்லம்மா. எல்லாரும் ஒரே மாதிரி முழிப்போம்" என்றாள். என் வீட்டுக்காரர் இறந்து சில வருஷமாகிறது. முறைப்படி என் அண்ணன்தான் கூட வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் அவன் கறியைத் தவிர வேறு எதையும் பேச மாட்டான் என்று அவனையும் கழற்றிவிட்டாள்.

கடை வாசலில் கறுத்த பீப்பாய் மாதிரி ஒரு பெரிய இரும்பு அடுப்பு, பக்கத்தில் விறகு அடுக்கு. கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் புகை வாசனை வந்து மோதியது. அந்த வாசனை எனக்குப் புதிதில்லை.

என் அம்மா மழைக்காலத்தில் பெரிய கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவாள். மாட்டுக்கறியை எங்கள் பக்கம் பெரிய கறி என்போம். வெயில் இல்லாத நாட்களில் புகையிலேயே காய்ந்து உப்புக்கண்டமாகும். அந்த மணம் தலைமுடி, பாடப்புத்தகம், பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்தது இன்னும் மறக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத சாப்பாடு என்று என் மகள் ஊரெல்லாம் தேடிப் பிடித்த கடை, என் அம்மாவின் அடுப்படி மாதிரி மணந்தது. அவளுக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் விறகடுப்பு போய் கேஸ் வந்த பிறகு பிறந்தவள்.

பையன் வீட்டார் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீளமான மரப் பலகை மேசை, முதுகு சாய்க்க இடமில்லாத பெஞ்சு. நடுவில் ஒரு கம்பியில் பேப்பர்த் துண்டுச் சுருள், நாலைந்து சாஸ் பாட்டில். பையனின் அம்மா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தாள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிடும் கூட்டத்துக்கு நடுவில் அவளும் நானும்தான் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல இருந்தோம். பார்த்ததுமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் அன்றைக்கு எனக்கு வந்த முதல் கஷ்டம்.

"வாங்க வாங்க. வா கண்ணு, பக்கத்துல உக்காரு" என்று என் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்பா தலையை அசைத்தார், அவ்வளவுதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. எதிரே கையை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அவர் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசவில்லை. கேட்பதையெல்லாம் மகன் வழியாகக் கேட்டார்.

"அவங்களுக்குப் பூர்வீகம் எந்தூருன்னு கேளு."

பையன் என்னைப் பார்த்தான். நான் பையனைப் பார்த்து, "வேலூர் பக்கம்" என்றேன். அவன் தன் அப்பாவைப் பார்த்து, "வேலூர் பக்கமாம்ப்பா" என்றான். தபால் ஆபீஸ் போல நடந்தது பேச்சு.

"வேலூர்ல எங்கன்னு கேளு."

மகள் முந்திக்கொண்டாள். "பாட்டன் காலத்துலயே இங்க வந்துட்டாங்க அங்கிள். எங்களுக்கு எல்லாமே பெங்களூர்தான்."

அவர் அதை மெல்ல மென்றார். தொண்டையில் இறங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அந்தம்மாவுக்குச் சந்தேகம் எல்லாம் இல்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷம்தான். எங்கள் ஃபேக்டரியில் எத்தனை பெண்கள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவேன், வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். பிறகு தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். அவள் வீட்டில் எருமைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அவள் ஊரில் இல்லாத இந்த இரண்டு நாளைக்குப் பால் கறக்க நாத்தனாரை வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"மத்தவங்க கை வெச்சாப் பெரியவ காலத் தூக்கிருவாளுங்க. போன வருசம் ஒண்ணு செத்துப்போச்சு. கன்னுக்குட்டியில இருந்து நான் வளத்தினது. எனக்கு ரெண்டு நாளு சோறே எறங்கலீங்க. இவரு திட்டறாரு, எருமைக்கு எவளாச்சும் அழுவாளான்னு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கம்பியிலிருந்து பேப்பரைக் கிழித்துத் துடைத்துக்கொண்டாள். நான் பாராக்குப் பார்ப்பது போல் சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்தேன். அதில் சாக்பீஸால் எழுதியிருந்த சாப்பாட்டு வகைகளில் நட்டநடுவில் எருமையும் இருந்தது. பசுவை வெட்டச் சட்டம் விடாததால் இந்த ஊர்க் கடைகளுக்கு இப்போது எருமைதான் வருகிறது. கிறுக்கலான இங்கிலீஷ் எழுத்து. பையனின் அப்பா அம்மாவுக்குப் படிக்க வரவில்லை.

பையன் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். கோழி, ஆட்டுத் தொடை, சோளமாவு ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட். "வேற எதுவும் வேண்டாம்னு தெளிவாச் சொல்லிட்டேன்" என்று பொதுவாகச் சொன்னான். எங்களைத்தான் சமாதானப்படுத்துகிறான் என்று எனக்குத் தெரிந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கைக் கறியை எலும்பு விடாமல் உறிஞ்சியவன். "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் நெஞ்சுக்கறி" என்று தட்டை நீட்டியவன்.

சாப்பாடு வரத் தாமதமானது. அந்த இடைவெளியில்தான் அந்தம்மா கேட்டாள், எந்தக் கள்ளமும் இல்லாமல்.

"குலசாமி எதுங்க உங்களுக்கு?"

எங்களுக்குக் குலசாமி விட்டுப்போய்த் தலைமுறைகள் ஆகிறது. மேசைக்குக் கீழே மகளின் கால் என் காலை அழுத்தியது. அந்த அப்பா கையிலிருந்த போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அவர் காத்திருந்த கேள்வி அதுதான்.

"அல்சூர்ல... அம்மன் கோயில் ஒண்ணு..." என்று மகள் ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் தட்டு வந்தது. பெரிய தகரத் தட்டு, மேலே பழுப்புக் காகிதம். ஒரு பக்கம் கோழி. இன்னொரு பக்கம் கறித்துண்டுகள், விரல் கனத்துக்கு வெட்டி வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தது. மேற்புறம் கரியாகக் கறுத்திருந்தது, வெட்டின இடத்தில் ஓரமாக ஒரு ரோஸ் கோடு. நானும் மகளும் பையனும் மூச்சு விட்டோம். பக்கத்து மேசையில் இளவட்டங்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிறவர் அவர்களுக்கும் அதே கையோடு ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனார்.

"கையிலயே சாப்புடலாமுங்களா?" என்றாள் அந்தம்மா.

"கையிலதான்ம்மா சாப்பிடணும் இங்க" என்றான் மகன்.

"அப்ப நம்மூரு மாதிரித்தான்" என்று அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

அப்பா கோழிக் காலை எடுத்துக்கொண்டார். பையன் அந்தக் கறித்துண்டுகளில் இரண்டைத் தன் அம்மா தட்டில் வைத்தான், ஒன்றை என் தட்டில், ஒன்று தனக்கு. என் மகள் பயத்தில் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை.

நான் என் துண்டை விரலால் பிரித்தேன். பிரித்ததுமே கை நின்றுவிட்டது. ஆட்டுக்கறி வெந்தால் பொடிநாராக உதிரும். இது கயிறு திரி மாதிரி நீளநீளமாகப் பிரிந்தது. சந்தேகத்துக்கு ஒரு துணுக்கை வாயில் போட்டேன். அப்புறம் சந்தேகம் இல்லை. என் நாக்குக்கு அது பழைய சிநேகிதம். தட்டு மாறி வந்திருக்கிறது.

நிமிர்ந்து பையனைப் பார்த்தேன். அவன் வாயில் ஒரு துண்டு இருந்தது. மெல்லுவது பாதியில் நின்றிருந்தது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியாமல் போகும், ருசி பழக்கினதே நான்தானே? எங்கள் கண்கள் சந்தித்தன. அவன் மிக லேசாகத் தலையை அசைத்தான். வேண்டாம், பேசாதீங்க என்று. பிறகு குனிந்து மென்று விழுங்கினான்.

அந்தம்மா இன்னும் சாப்பிடவில்லை. சூடு ஆறட்டும் என்று கறியைத் தள்ளி வைத்துவிட்டு முட்டைக்கோஸைத் தின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிப்பா இருக்குதுங்க" என்று முகம் சுளித்துச் சிரித்தாள்.

பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. அவள் ஆடு என்று நினைத்துத் தின்பாள், புதுவிதமாக இருக்கிறது என்பாள், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோவாள். பூமியில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. என் மகள் கல்யாணம் நடக்கும். பேசினால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். குலசாமிக் கேள்வியிலிருந்து தப்பித்தவள் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக் கசக்கிப்போட்ட அந்தப் பேப்பர் இன்னும் மேசை மேலேயே கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. பையன் மேல், மகள் மேல், தட்டை மாற்றி வைத்தவர் மேல், சுவரில் இருக்கிறவரை ஒளித்து வைக்கச் சொல்லும் இந்த உலகத்தின் மேல். என் சாப்பாட்டை இழிவு என்று சொல்லி என் வாயிலிருந்து பிடுங்க நான் யாரையும் விட்டதில்லை. அப்படி இருக்கையில் இன்னொருத்தி வாயில், அவளுக்குத் தெரியாமல், அவள் வேண்டாம் என்று வைத்திருப்பதை ஊட்டிவிட்டு நான் எப்படிச் சம்பந்தியாக எதிரே உட்காருவது?

முதலில் நைசாக முடிக்கப் பார்த்தேன். அந்தப் பக்கம் போன பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இது எங்களுடையதில்லை, பக்கத்து மேசையுடையது என்று கன்னடத்தில் சொன்னேன். பையனின் அப்பா அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. சத்தமில்லாமல் தட்டை மாற்றிவிடலாம்.

"ஸ்வல்ப இல்லி நோடி. இது நம்தல்ல. பக்கத டேபிள்து."

அவர் வடகிழக்கு மாநிலத்துக்காரர் போல இருந்தது. அழகாகச் சிரித்தார். "சாரி மேடம், கன்னடா கொத்தில்லா" என்றார், கன்னடம் தெரியாதாம். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

"என்னவாம்?" என்றார் அப்பா, மகனிடம்.

"ஒண்ணுமில்லப்பா."

அந்தம்மா துண்டை எடுத்தாள். பிட்டாள். அந்த நீள நார் பிரிவதைப் பார்த்து, "நல்லா வெந்திருக்குது" என்றபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் எழுந்து மேசைக்கு மேலே சாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கித் தட்டில் விழுந்தது.

"அக்கா, வோணாம். அத வெச்சிருங்க."

"ஏனுங்க?"

"அது ஆடு இல்லக்கா. தட்டு மாறி வந்துட்டுகீது. அது எருமை."

மகள் மூச்சை இழுப்பது கேட்டது. அந்தம்மா கை என் பிடியில் அப்படியே நின்றது. பிறகு விரல்கள் பிரிந்தன, துண்டு கீழே விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், தன் விரல் நுனியைப் பார்த்தாள். விரல்களைச் சேர்க்காமல் விரித்தே வைத்துக்கொண்டாள்.

கடையில் கிடார் சத்தத்தோடு ஏதோ இங்கிலீஷ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கோழி எலும்பைத் தட்டில் வைத்தார். பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேளு."

பையன் வாயைத் திறக்கவில்லை. மகள் திறந்தாள். "இல்ல அங்கிள், அம்மா மெனு போர்ட பாத்து... பாத்தாலே ஒரு டவுட்டு..."

"நான் அவளக் கேக்கல" என்றார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. போகாதே என்பது போல. ஆனாலும் முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? இன்றைக்குத் தப்பினால் நாளைக்கு, நாளைக்குத் தப்பினால் பிள்ளைப்பேற்றின்போது. வாழ்நாள் முழுவதும் என் மகள் இந்த மூஞ்சியோடு அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

"நாங்க சாப்பிடுவோம்" என்றேன். மகன் வழியாக இல்லை, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "எங்க வீட்டு அடுப்புல ஞாயித்துக்கிழமை வேகறது அதான். எங்கம்மா ஆக்குனா, நானும் ஆக்கறேன். அதான் எனக்குத் தெரியும். நாங்க எந்த ஆளுங்கன்னு வந்ததுலருந்து கேட்டுக்கினு இருக்கீங்க. இப்பத் தெரிஞ்சிருக்கும்."

அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. மகன் பக்கம் திரும்பினாள். அவன் தட்டைப் பார்த்தாள். அதில் துண்டு இல்லை.

"நீ தின்னியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியாமத் தின்னியா, தெரிஞ்சு தின்னியா?"

அவன் தலை இன்னும் தாழ்ந்தது. அவள் கொஞ்ச நேரம் அவன் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்குது" என்றாள் மெதுவாக. "எனக்கு நீதானே எடுத்து வெச்ச. தெரிஞ்சும் நான் திங்கட்டும்னு உக்காந்திருக்கற."

அப்பா எழுந்தார். பெஞ்சைத் தாண்ட வேட்டி தடுக்கியது. மகன் கை கொடுக்கப்போனான், தட்டிவிட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காருக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முடிந்தது என்று நினைத்தேன். என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உடைந்த வளையல் துண்டுகளைத் தட்டிலிருந்து பொறுக்கிப் பேப்பரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாரி ஆன்ட்டி" என்றான் பையன். யாரை ஆன்ட்டி என்கிறான், அம்மாவிடம் அல்லவா சொல்ல வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் பக்கத்து மேசையில், இது நாங்கள் சொன்னது இல்லையே என்று சத்தம் போட்டார்கள். பரிமாறுகிறவர் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, தட்டை எடுத்துப்போனார். அந்தம்மா கை கழுவப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்படியே வெளியே போய்விடுவாள் என்று நானும் மகளும் பைகளை எடுத்துக்கொண்டோம்.

அவள் வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். கை ஈரத்தை முந்தானையில் துடைத்தாள். புதுத்தட்டு வந்தது. அதே கறுப்பு, அதே மாதிரித் துண்டுகள்.

"இது ஆடு மேடம், ஷ்யூர், மட்டன்" என்றார் பரிமாறுகிறவர், நெஞ்சில் கை வைத்து.

"அம்மா, இது மட்டன்தான், நான் கிச்சன்ல போய்ப் பாத்துட்டேன்" என்றான் மகன்.

அவள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. ஒரு துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்து, தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க தின்னு பாத்துச் சொல்லுங்க."

நான் அந்தத் தட்டையே பார்த்தேன். அது அவள் தட்டு. ஊர்த்தெருவுக்குப் போனால் எங்கள் ஆட்கள் வாசலுக்கு வெளியே நின்று கையேந்தித் தண்ணீர் வாங்கிக் குடித்த கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். துண்டின் ஒரு ஓரத்தைப் பிய்த்தேன். நார் பொடியாக உதிர்ந்தது. வாயில் போட்டேன்.

"ஆடுதாங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஆடுதான்க்கா."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் பிய்த்த அதே ஓரத்திலிருந்து பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். அவ்வளவு மெதுவாக யாரும் மென்று நான் பார்த்ததில்லை.

"நல்லா இருக்குதுங்களா?" என்று என் மகள் கேட்டாள், அந்தம்மாவின் பாஷையிலேயே. மகளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

"உப்புக் கம்மி" என்றாள் அந்தம்மா. இன்னொரு வாய் பிய்த்தாள். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். "அவரு அவ்வளவு சீக்கிரம் உள்ள வர மாட்டாருங்க. ஆனா நான் கை கழுவற வரைக்கும் காரை எடுக்க மாட்டாரு. அதனால நான் மெதுவாத் திங்கறேன்."

அவள் மெதுவாகத்தான் தின்றாள். எங்களில் வேறு யாருக்கும் ஒன்றும் இறங்கவில்லை. அவள் தட்டு காலியாகும்போதெல்லாம் நான் ஒரு துண்டை எடுத்து, பிய்த்துப் பார்த்து, வைத்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துபோனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். வெளியே அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். ஒரு தரம் போனை எடுத்து யாரையோ கூப்பிடப் போனார், பிறகு பைக்குள் வைத்துவிட்டார். அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. விரல்கள் மந்தமாகிவிட்டன. ஆனாலும், "இன்னொண்ணு வைங்க" என்றாள்.

தட்டில் கடைசித் துண்டுகள் இருக்கும்போது கதவு திறந்தது. அவர் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"கிளம்பலாமா?"

"இன்னும் சாப்பிட்டு முடியலீங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "வெயில்ல நிக்காம உக்காருங்க."

அவர் மகனைப் பார்த்தார். அழுத முகத்தோடு இருந்த என் மகளைப் பார்த்தார். மனைவியின் தட்டையும், அதன் மேல் ஒரு துண்டோடு நின்றிருந்த என் கையையும் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சைத் தாண்டி, எனக்கு எதிரே உட்கார்ந்தார். தன் தட்டை முன்னால் இழுத்தார். வெகுநேரம் பெரிய தட்டில் மிச்சமிருந்த கறியையே பார்த்தார். மகனைக் கேட்கச் சொல்லவில்லை. என்னிடமே கேட்டார்.

"இது ஆடுதானுங்களா?"